சித்தப்பாவை நிறுத்திப் பார்த்த கதை

உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் ஆராய்ச்சியை விளக்கலாம். பெற்ற அப்பாவுக்கு மட்டும் விளக்கவே கூடாது.

நம் உடம்பில் என்ன வேலை செய்கிறதென்றே தெரியாத புரதங்கள் ஏராளம். அப்படி ஒன்றில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும் ரசாயனத்தை உருவாக்க எனக்குப் பெங்களூரில் இடம் கிடைத்திருந்தது. பூம்பாறை வீட்டில் அப்பா பூண்டு மூட்டை தைத்துக்கொண்டே கேட்டார்:

“என்ன சோலி பாக்குதுன்னே தெரியாததப் போயி எதுக்குத் தாயி நிறுத்தணும்?”

“நிறுத்துனாத்தானப்பா எது கெடுதுன்னு தெரியும். அத வச்சு அதோட வேலையக் கண்டுபிடிக்கலாம்.”

“வெளங்கிரும். பேசாம பி.எட். படி.”

(பி.எட்.டாம்!) செய்தே காட்டுவதென்று முடிவெடுத்தேன். சித்தப்பா அகப்பட்டார். வெள்ளனே எழுந்து பஸ் நிறுத்தத்துக்குப் போவார், ஊர்க்கதை பேசுவார், திரும்பி வருவார். அவருக்கு என்ன வேலை என்று எங்கள் வீட்டில் எவருக்கும் தெரியாது. இதைவிடப் பொருத்தமான புரதம் எங்கே கிடைக்கும்?

மறுநாள் கிளம்பியவரை மடக்கி, காப்பியும் சுடச்சுட உளுந்தவடையும் கொடுத்து, “நீங்க காட்டுமாட்ட வெரட்டுனீங்களாமே, சித்தப்பா?” என்றேன். மனிதர் அங்கேயே உட்கார்ந்து கதையை ஆரம்பித்துவிட்டார். கதையில் மாடு வளைவு திரும்புவதற்குள் அப்பா மழையில் நனைந்தபடி ஓடிவந்தார்.

“எங்க அவன்? பஸ்சு போயிருச்சு!”

அப்போதுதான் விளங்கியது. சித்தப்பா ஓட்டுநரிடம் கதையளந்து நிறுத்திவைத்ததால்தான், அப்பா மூட்டைகளை ஏற்றி முடிக்கும்வரை முதல் பஸ் தினமும் காத்திருந்திருக்கிறது. பேச ஆளில்லாத அன்று அது சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. பாதி மூட்டை பஸ் கூரையில் கொடைக்கானலுக்குப் போனது. மீதி மழையில் ஊறியது.

“பாத்தீங்களாப்பா! நிறுத்துனதும் வேலை தெரிஞ்சிருச்சுல்ல?”

ஒருவராவது கைதட்ட வேண்டாமா? சோதனை அத்தனை கச்சிதம்! அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

“நீ வெரசா பெங்களூருக்குக் கெளம்பு தாயி. அங்க எத வேணா நிறுத்து. இங்க ஒருத்தனையும் நிறுத்தாத.”

எனக்கு அனுமதி கிடைத்த லட்சணம் இது.

இப்போது மூன்றாவது வருடம். என் புரதத்தை முடக்கியாயிற்று. சோதனைத் தட்டில் உள்ள உயிரணுக்களோ எதுவுமே நடக்காததுபோல் கொழுகொழுவென்று வளர்கின்றன. ஞாயிறு தவறாமல் அம்மா போனில் விசாரிப்பாள்.

“ஏதாச்சும் கெட்டுச்சா தாயி?”

“இல்லம்மா.”

பின்னால் குடும்பமே சிரிக்கும். அம்மாவுக்கு மட்டும் நிஜமான கவலை.

“இங்க ஒத்தக் காப்பியில கெடுத்துப்புட்டியே. அங்க அம்புட்டு மருந்து இருந்துமா முடியல?”