வளையல் போட்ட காடு

வேலை நேரத்தில் தூங்கிச் சம்பளம் வாங்கியவர்கள் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். அடுத்தவர் தூங்குவதற்காகச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்தவரை, 'உஷ்'தான்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் என்று ஒன்று இருந்திருக்கும். மரக்காணத்தில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. தபால்காரர்கூட "உஷ் இருக்காரா?" என்றுதான் கேட்பார், அதையும் குரலைத் தணித்துத்தான் கேட்பார்.

கடல் ஊருக்குள் வந்து போனதற்கு அடுத்த வருஷம் நான் அங்கே ஓர் உப்பள முதலாளியின் ஆபீசில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் இருந்தது, கரண்ட்தான் இருக்காது. ஆகவே பாதி நேரம் ஜன்னல் வழியாக உப்புப் பாத்திகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பாத்திகளுக்கு மேற்கே ஒரு செம்மண் மேடு, மேட்டின் மேல் ஒரு காடு. மத்தியான வெயிலில் அந்தக் காடு தரையில் நிற்காது. கானலில் ஒரு முழம் மேலே மிதந்துகொண்டிருக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் நமக்கும் கண் செருகும்.

அந்தக் காட்டில்தான் தேவாங்குகள் இருந்தன. மருந்துக்கு என்று பிடித்துப் பிடித்துச் சுற்றுவட்டாரத்தில் எல்லாம் தீர்ந்துபோய், மிச்சம் இருந்தவை அங்கே ஒண்டிக்கொண்டிருந்தன. அரசாங்கம் அதைக் காப்புக்காடு என்று அறிவித்து ஒரு போர்டு நட்டு, போர்டுக்குத் துணையாக உஷ்ஷை வாச்சராகவும் நட்டு வைத்திருந்தது. தேவாங்கு பகல் முழுக்கத் தூங்கும், பொழுது சாய்ந்தால் விழிக்கும். இந்த ஒரு விஷயத்தை உஷ் வேதவாக்காக எடுத்துக்கொண்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், குறுக்குவழி என்று காட்டுப் பாதையில் மொபெட்டை விட்டேன். ஒரு வளைவில் ஹாரன் அடித்தேன். புதருக்குள்ளிருந்து, செருப்பைக் கையில் பிடித்தபடி, காக்கிச் சட்டை போட்ட ஓர் ஒல்லி மனிதர் எழுந்தார்.

"உஷ்ஷ்ஷ்! ஏம்மா, உங்க ஊட்டுல கொழந்த தூங்குறப்ப இப்பிடித்தான் காதாண்ட வந்து ஆரன் அடிப்பியா?"

"யாரு தூங்குறாங்க இங்க?"

மரங்களை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எல்லாரும்" என்றார்.

வண்டியை அணைத்துக் காடு முடியும் வரை என்னைத் தள்ள வைத்தார். அவரும் பின்னால் கை கொடுத்துத் தள்ளினார், அதை மறைக்கக் கூடாது. கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. "அவசரத்துக்கு ஊதத்தானே அது?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். சர்வீசில் ஒருநாள்கூட அதை ஊதியதில்லையாம்.

அம்மன் ஊர்வலம் அந்த வழியாக வந்தால் மேளம் காட்டு எல்லையில் நின்றுவிடும். சாமி ஓசைப்படாமல் காட்டைக் கடந்து, மறுபக்கம் போய் மறுபடி மேளம் வாங்கிக்கொள்ளும். எலெக்‌ஷன் சமயத்தில் மைக் கட்டிய ஆட்டோ ஒன்று உள்ளே நுழைந்தது. உஷ் ஓடிப்போய் என்ன சொன்னாரோ, மைக்கை நிறுத்திவிட்டார்கள். வேட்பாளர் மட்டும் பழக்கதோஷத்தில் இரண்டு பக்கத்து மரங்களையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார்.

அவருடைய சம்சாரம் ஒருநாள் என்னிடம் புலம்பினார். "பகல்ல அதுங்க தூங்குறப்ப இவரு காவலு. ராவுல அதுங்க முழிச்சிக்கினா இவரும் முழிச்சிக்கினு கொஞ்சல். என்னாண்ட எப்பம்மா பேசுவாரு? பேசுனாலும் எனக்கு எங்க கேக்குது?"

எங்கள் உப்பு லாரியை ஓட்டியவர் கூனிமேட்டுக்கார பாய். அவர் உஷ்ஷுக்குச் சிஷ்யனாகவே ஆகிவிட்டார். உப்பளத்துக்குக் காலியாகத் திரும்பும்போது மேட்டு உச்சியிலேயே எஞ்சினை அணைத்துவிடுவார். அவ்வளவு பெரிய லாரி சத்தமே இல்லாமல் மர நிழலுக்குள் இறங்கி வரும். முதல் தடவை பார்த்தபோது நான்தான் தூங்கிக்கொண்டிருக்கிறேனோ என்று என்னைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேன்.

சிக்கல் அந்த லாரியால்தான் வந்தது. கடல் வந்ததில் பாத்தியெல்லாம் சேறாகி, முதலாளிக்குப் பாதி வருஷம் போய்விட்டது. மிச்ச உப்பையாவது ஐப்பசி மழைக்கு முன்னால் ஏற்றிவிட வேண்டும் என்று மூட்டைகளை வானத்துக்கு அடுக்கினார். காட்டுப் பாதையின் நடுவில், இந்தப் பக்கத்து நாவல் மரமும் அந்தப் பக்கத்து வீரை மரமும் மேலே கிளை கோத்துப் பந்தல்போல் நிற்கும். மூட்டை அதில் இடித்தது. பாதை பஞ்சாயத்துடையது. பாதைக்கு மேலே நீட்டும் கிளைகளை வெட்டிக்கொள்ளப் பஞ்சாயத்தும் சரி என்று சொல்லிவிட்டது.

"முதலாளி, ரெண்டு வரிச கம்மியா அடுக்குங்க. கெளையும் பொழைக்கும், வண்டியும் பொழைக்கும்" என்றார் பாய்.

"உப்பு பொழைக்க வேணாமா பாய்?" என்றார் முதலாளி.

விஷயம் கேட்டு உஷ் ஆபீசுக்கு ஓடி வந்தார். அவர் பேசியது மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை. விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டோம்.

"தேவாங்கு குரங்கு மாதிரி தாவாதுங்க. ஒரு கெளைய புடிச்சிக்கினுதான் இன்னொரு கெளைய வுடும். அந்தப் பந்தல்தான் அதுங்களுக்குப் பாலம். வெட்டிட்டா புருஷன் இந்தாண்ட, பொண்டாட்டி அந்தாண்ட. கீழ எறங்குனா நாயி, இல்லாட்டி லாரி டயரு."

"ஏம்பா, ரெண்டு கெளைக்கு இவ்ளோ கதையா? வெள்ளிக்கெழம ஆளு வருது" என்று முதலாளி முடித்துவிட்டார். உஷ் வெளியே போய்ப் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். 

மறுநாள் தாம்பாளமும் கையுமாக வந்தார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம். நேராக உள்ளே போய் முதலாளியம்மா முன்னால் நீட்டினார்.

"நம்ம பொண்ணுக்கு நாளைக்கு வளைகாப்புங்கம்மா. மருமகளையும் இட்டுக்கினு வந்துடுங்க."

"உனக்கு ஏதுப்பா பொண்ணு?"

"காட்டுல இருக்குற பொண்ணுங்கம்மா. வயிறு நல்லா தெரியுது."

நான் சிரித்ததில் கையிலிருந்த டீ கீபோர்டில் கொட்டியது. முதலாளியம்மா சிரிக்கவில்லை. வெற்றிலை பாக்கு வைத்து வளைகாப்புக்கு அழைத்தால் போகாமல் இருக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? இப்படியே அவர் ஊர் முழுக்க வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்திருந்தார். வியாழக்கிழமை பொழுது சாயும் நேரம், பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அத்தனை பெண்களும் காட்டுக்குள் நடந்தோம். புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு எல்லாம் உஷ்ஷின் சம்சாரம் கிண்டியது. ஓசையில்லாமல் சாப்பிட்டோம், பாய்க்கும் ஒரு தூக்கில் கொடுத்தனுப்பினோம். நலங்குப் பாட்டைக்கூட உதட்டசைவிலேயே பாடினோம்.

வயிற்றுக்காரி பந்தலின் நடுவில் உட்கார்ந்து இரண்டு பெரிய கண்களால் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சி மாதிரிக் கை, அதில் எங்கே வளையல் போடுவது? கண்ணாடி வளையல்களைக் கயிற்றில் கோத்து அந்தக் கிளையிலேயே கட்டினார்கள். கடல் காற்றில் அவை கலகலத்தன. உஷ் என்ன செய்வாரோ என்று எல்லோரும் அவரைப் பார்த்தோம். "வளையல் சத்தம் வயித்துப் புள்ளைக்குக் கேக்கட்டும்" என்றார். அந்தக் காட்டில் அவர் அனுமதித்த ஒரே சத்தம் அதுதான். முதலாளியின் மருமகளும் இரண்டு வளையல் போட்டுக்கொண்டாள். கல்யாணமாகிப் பல வருஷமாகக் குழந்தைக்காகக் காத்திருந்தவள். வளைகாப்பு வீட்டில் வளையல் போட்டுக்கொண்டால் சீக்கிரம் தங்கும் என்பார்கள் இல்லையா, அந்த நம்பிக்கைதான்.

வெள்ளிக்கிழமை கோடாலியோடு வந்தவர்கள் வளையலைப் பார்த்தார்கள். "புள்ளத்தாச்சி இருக்குற எடத்துல மரம் வெட்டுனா எங்க ஊட்டுல சோறு போட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வரிசை குறைத்து அடுக்கினார்.

அதன்பிறகு உஷ்ஷை எங்கே பார்த்தாலும் முதலாளி கேட்பது ஒன்றுதான். "என்னாப்பா, பொறந்துச்சா?"

"இன்னும் இல்லீங்க. நிதானமான ஜாதிங்க. எதையும் மெதுவாத்தான் செய்யும்."

மழை வந்தது, போனது. தை பிறந்தது. புது உப்பு விளையத் தொடங்கியதும் முதலாளிக்குப் பொறுமை போய்விட்டது. பாண்டிச்சேரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த சிநேகிதர் மகளை வரவழைத்தார். பொழுது சாயும் நேரம் முதலாளி, முதலாளியம்மா, பாய், நான் எல்லோரும் பந்தலுக்குக் கீழே நின்றோம். அந்தப் பெண் டார்ச்சில் சிவப்புக் காகிதம் சுற்றி மேலே அடித்து, உஷ் கைகாட்டிய வயிற்றுக்காரியை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அங்கிள், இது ஆம்பள."

"என்னாது?"

"ஆண் தேவாங்கு அங்கிள். புரட்டாசித் தூறலுக்கு ஈசல் கெளம்பியிருக்கும், நல்லா சாப்பிட்டிருக்கும். அதான் அப்ப வயிறு அப்பிடி இருந்திருக்கு."

"யா அல்லா! தயிர்சோறு தின்னமே!" என்றார் பாய்.

உஷ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஏமாற்றவில்லை, சத்தியமாக நம்பியிருந்தார். அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். மகளுக்குத் தலைப்பிரசவம் என்று தவம் கிடந்தவரிடம் வந்து, உனக்கு மகளே இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்?

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "ஆம்பளைக்கு வளைகாப்பு பண்ண ஊரு நம்ம ஊருதான்! காலையில ஆளு வருது. ஒரு கெளை மிஞ்சாது."

"ஏங்க" என்றார் முதலாளியம்மா. "நம்ம ஊட்டுல புள்ளத்தாச்சி இருக்குறப்ப நீங்க மரம் வெட்டுவீங்களா?"

"நம்ம ஊட்டுலயா? யாரு?"

"மருமக முழுகாம இருக்கா. மூணு மாசம் முடியாம வெளிய சொல்லக் கூடாதுன்னு நான்தான் பையனையும் வாயத் தெறக்க வுடல. நேத்தோட முடிஞ்சிது. அவ வளையல் போட்டுக்கினது இந்தக் கெளைக்குக் கீழதான். அதுல ஒக்காந்திருந்தது ஆம்பளையா பொம்பளையான்னு வளையலுக்குத் தெரியுமா? வெட்டுங்க, பாக்கலாம்."

முதலாளி மடித்துக் கட்டிய வேட்டியை அவிழ்த்துவிட்டார். பிறகு, "டேய்ய்ய்! நான் தாத்தாடா!" என்று அந்த மேடே அதிரும்படி ஒரு சத்தம் போட்டார்.

தரையில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்த மனிதர், தலையை நிமிர்த்தாமலே, "உஷ்!" என்றார்.

முதலாளி சட்டென்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது. அதோடு கிளையைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. லாரியில் அந்த இரண்டு வரிசையும் திரும்ப ஏறவில்லை.

அந்த வருஷக் கடைசியில் உஷ் ரிடையர் ஆனார். ஊரே மாலை போட்டு, மேளம் வைத்து, அவரைக் காட்டிலிருந்து வீட்டுக்கு அழைத்துப்போக வந்தது. காட்டு எல்லையில் மேளம் தானாக நின்றது. பாய் லாரியை மேட்டிலேயே அணைத்துவிட்டு நடந்து வந்தார். சொல்வதற்கு ஆள் இல்லாமலே எல்லோரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டோம். பந்தலுக்குக் கீழே முதலாளி, தோளில் பேரனோடு நின்றிருந்தார். குழந்தை வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. மேலே நிறம் போன வளையல்கள் காற்றில் கலகலத்துக்கொண்டிருந்தன.

உஷ் குழந்தையைப் பார்த்தார். அண்ணாந்து கிளையைப் பார்த்தார். அப்புறம் ஓவென்று அழுதார். அவருக்குக் குரல் இருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். அப்பப்பா, என்ன குரல்! பாய் லாரியின் ஹாரன் பிச்சை வாங்க வேண்டும்.

முதலாளி ஒரு கையால் பேரனின் முதுகைத் தட்டிக்கொண்டே, இன்னொரு கையால் அவர் தோளை அணைத்துக்கொண்டார்.

"உஷ்... எல்லாரும் தூங்குறாங்கப்பா."

நானும் அந்த வேலையை விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது. உஷ்ஷும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆனாலும் அந்தப் பக்கம் போனால், மேடு வந்ததும் வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் நடக்கிறேன். பின்னால் கை கொடுக்க ஆள் இல்லை என்பது எனக்குத் தெரியும். காட்டுக்குத் தெரிய வேண்டாம், அது நிம்மதியாகத் தூங்கட்டும்.