ஆல்டருக்கும் ரிஜெக்டுக்கும் நடுவே நான்

தெரியாத விஷயத்துக்குத்தான் நான் வேகமாகத் தலையாட்டுவேன். இந்தக் குணத்தை முருகன் இன்னும் என்னிடமிருந்து எடுத்தபாடில்லை. (எடுத்திருந்தால் இதை எழுதும் வேலையே இல்லை.)

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் என் வீட்டுக்காரர் டெய்லர். முதலாளியிடம் கெஞ்சி எனக்கும் அங்கேயே செக்கிங் வேலை வாங்கிக் கொடுத்தார். முதல் நாள், கைக்குழந்தைச் சட்டைகள். மறுநாள் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு. சூப்பர்வைசர் செல்வியக்கா இரண்டு பெட்டிகளைக் காட்டினார்.

"இது ஆல்டருங்க, இது ரிஜெக்டுங்க. ரிஜெக்டை வெட்டிப் போட்டரோணும், வெளிய விக்கப் போயிரக் கூடாது பாருங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமில்லீங்க?"

"ஏனுங்க தெரியாம!" என்றேன்.

எட்டாவதோடு நின்றவள் நான். இரண்டுமே எனக்கு 'சரியில்லை' என்பதன் ஆங்கிலம். குறையுள்ளதை விட்டுவிட்டால் சாமி கேட்குமே என்று, மனசுக்கு உறுத்தியதையெல்லாம் ரிஜெக்டில் சேர்த்தேன். அன்றைக்கென்று ஒரு நூல் தொங்கினாலும் உறுத்தியது.

ஆனால் கத்தரியை எடுத்தால் கை வரவில்லை. பச்சைக் குழந்தை போடும் சட்டை. அதன் நெஞ்சில் கத்தரி வைப்பதா? 'முருகா, நீயும் குழந்தைதானே' என்று சொல்லிச் சொல்லி, தோள் தையலை மட்டும் பிரித்துப் போட்டேன்.

டீ நேரத்தில் செல்வியக்கா வந்தார்.

"ஆல்டர் பெட்டி காலியாக் கெடக்குது?"

"ஆல்டரே இல்லீங்கக்கா. எல்லாம் ரிஜெக்டுங்க!" (பெருமை வேறு.)

ஒன்றைத் தூக்கினார். "இதுல என்ன குத்தம்?"

"நூல் தொங்குதுங்க."

"இது?"

"தையல் துளி கோணலுங்க."

அக்கா அப்படியே துணி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "அம்மிணி, தைச்சாச் சரியாகறது ஆல்டரு. ஓட்டை, கறைன்னு என்ன பண்ணியும் சரியாகாததுதான் ரிஜெக்டு. அம்புட்டையும் வெட்டிப்போட்டீங்களா? உங்களோட சேத்து உங்க ஊட்டுக்காரரையும் அனுப்பிப்போடுவாங்க!"

பழனிக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டேன். போதாது என்று பட்டதால் மொட்டையும் சேர்த்துக்கொண்டேன்.

விஷயம் கேட்டு ஓடிவந்த வீட்டுக்காரர் ஒரு சட்டையை விளக்கில் பிடித்துப் பார்த்தார். "துணி கிழியலீங்கக்கா. தையல்தான் பிரிஞ்சிருக்குது."

அக்கா பத்துப் பதினைந்தைப் புரட்டினார். "அட, அப்ப இதெல்லாம் ஆல்டருங்க!"

ஆங்கிலத்தில் அத்தனை இனிப்பான வார்த்தை உண்டென்று அன்றுதான் தெரிந்தது. அழுதே விட்டேன்.

சாப்பாட்டு நேரம் முழுக்க வீட்டுக்காரர் தைத்தார். தையல் லைனே வேடிக்கை பார்க்க, பக்கத்தில் நின்று சோறு ஊட்டினேன்.

"நான் கட்டுனது பொண்டாட்டியையா, கத்தரியையா?" என்றார் வாய் நிறையச் சோற்றோடு.

எனக்கு வந்த சிரிப்பில் கை ஆடி, ஒரு சட்டையில் புளிக்குழம்பு சிந்தியது. அன்றைய ஒரே நிஜமான ரிஜெக்ட் அதுதான்.

சரக்குப் போனது. வேலையும் நிலைத்தது, இன்றும் அங்கேதான் இருக்கிறேன். வீட்டில் குழம்புக்கு உப்புக் குறைந்தால் மகள் "ஆல்டருங்கம்மா" என்பாள், அடிப்பிடித்தால் "ரிஜெக்டு."

தினமும் விளக்கேற்றும்போது, "முருகா, என்னை ஆல்டர் பெட்டியிலயே வெச்சிரு" என்று நான் வேண்டுவேன். பின்னாலிருந்து அவர் குரல் தவறாமல் வரும்:

"வெய்யுங்க சாமி. ஆனா தைக்கறதுக்கு மட்டும் என்னையக் கூப்புடாதீங்க!"