புளித்த மதர்போர்டு

கிழக்கு கிட்வாய் நகர், புது டில்லி
சனிக்கிழமை, மூக்கடைப்புடன்

சிரஞ்சீவி அர்விந்துக்கு,

இரண்டு ஸ்வெட்டர், ஒரு மஃப்ளர், ஒரு மங்கி கேப் ஆகியவற்றுக்கு உள்ளேயிருந்து உன் அத்திம்பேர் ராமமூர்த்தி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இங்கு உன் அக்கா ஜலஜா க்ஷேமம், சுபாஷிணி க்ஷேமம், நான் சுமார், கம்ப்யூட்டர் கவலைக்கிடம். கோயமுத்தூரில் நீயும் சௌக்கியமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் படித்து முடிக்கும்வரையாவது இரு. வாட்ஸப்பில் எழுதினால் நீல டிக்கைக் காட்டிவிட்டு நழுவிவிடுவாய் என்பதால் காகிதத்தில் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். தீபாவளிக்கு வந்தபோது என் கம்ப்யூட்டரைப் பார்த்து "இதை மியூசியத்துல கேப்பா அத்திம்பேர்" என்று சொல்லி, பழைய மதர்போர்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, நீயே புதுசு வாங்கி மாட்டி, புது ப்ராசஸரும் செருகிக் கொடுத்தாயே, அது மகா உபகாரம். ஆனால் ரயிலேறுவதற்கு முன்னால், "இந்த போர்டுல ஓவர்கிளாக் பண்ணலாம், அதாவது ப்ராசஸரை விதிச்ச வேகத்துக்கு மேல விரட்டலாம், ஆனா நீங்க பண்ணாதீங்கோ" என்றாயே, அது உபகாரமில்லை. வேலையில் சேர்ந்த நாள் முதல் "செய்யக்கூடாது" என்று வரும் சர்க்குலர்களைப் படித்தே வயிறு வளர்ப்பவன் நான். என்னவெல்லாம் செய்ய முடியும் என்பது எனக்குத் தெரியவருவதே அவற்றிலிருந்துதான்.

அப்படியும் சும்மா இருந்திருப்பேன். வேதாந்தம் விடவில்லை. சுபாஷிணி தன் ஆபீஸ் பையன் ஒருவனைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று நிற்பது உனக்குத் தெரியும். அந்தப் பையனுடைய அப்பாதான் வேதாந்தம். துவாரகாவில் சொசைட்டி ஃப்ளாட். இந்த மாத ஆரம்பத்தில் முதல் தடவையாகப் போனோம். மனுஷர் கோத்திரம் கேட்கவில்லை, நட்சத்திரம் கேட்கவில்லை. உட்கார்ந்ததும், "உங்க மெஷின் எத்தனை கிகாஹெர்ட்ஸ் போறது?" என்றார். எனக்குக் காபி புரையேறியது. அவருடையது ஐந்து போகிறதாம். காட்டுங்கள் என்றேன். "நேத்து ராத்திரி தானா அணைஞ்சு போச்சு. துவாரகா கரென்ட் சரியில்லை" என்று பேச்சை மாற்றிவிட்டார். நான் அப்போதே உள்ளுக்குள் சபதம் எடுத்துவிட்டேன்.

உன் அக்காவும் அதே சோபாவில் உட்கார்ந்து இன்னொரு சபதம் எடுத்துக்கொண்டிருந்தாள். வேதாந்தத்தின் சம்சாரம் மங்களம் மாமி இட்லி கொண்டுவந்து வைத்தாள். டில்லி ஜனவரியில் இட்லி மாவு பொங்காது, உனக்குத் தெரியும். கம்பளி போர்த்துவார்கள், ஓவனுக்குள் பல்பு எரியவிட்டு உள்ளே வைப்பார்கள். அது போட்டது போட்டபடி கிடக்கும். மங்களம் மாமியின் இட்லியோ விரலால் தொட்டால் திரும்ப எழுந்து உட்கார்ந்தது. எப்படி மாமி என்று ஜலஜா கேட்டதற்கு, "எங்காத்துல எப்பவும் பொங்கும். கைராசி" என்றாள். வீடு வருகிறவரை மெட்ரோவில் உன் அக்கா பேசிய ஒரே வார்த்தை, "கைராசியாம்."

நாளை ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் இங்கே வருகிறார்கள். டிபன் சாப்பிட்டுவிட்டு நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிப்பதாக ஏற்பாடு. அதற்குள் என் மெஷின் ஐந்தைத் தொட்டு, தொட்ட இடத்தில் நிற்க வேண்டும். சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால் அது பொத்தென்று அணைந்தால் ஆயுசுக்கும் நான் அந்த வீட்டில் தலை நிமிர முடியாது.

போன ஞாயிறு பயாஸ் என்கிற செட்டிங் திரைக்குள் போய் வேகத்தை ஏற்றினேன். கூடவே வோல்டேஜையும் கொஞ்சம் ஏற்ற வேண்டும், ஏற்றினேன். வேலையை அதிகமாக்கினால் ப்ராசஸர் சூடாகும், சூடானால் குளிர வைக்க வேண்டும். எங்கள் ஆபீசில் முதல் பாதியை மட்டும் செய்வார்கள். பகலில் எல்லாம் ஒழுங்காகத்தான் ஓடியது. ராத்திரி முழுக்கத் தாங்குகிறதா என்று சோதனை புரோகிராமை ஓடவிட்டுத் தூங்கப் போவேன். காலையில் வந்து பார்த்தால் பிரேதம் மாதிரி அணைந்து கிடக்கும். சூடு தாங்காமல் தானே அணைந்துகொண்டதாகக் குறிப்பு வேறு. திங்களும் அப்படி, செவ்வாயும் அப்படி. டில்லிக் குளிரில் மனுஷன் விறைக்கிறான், உன் மதர்போர்டுக்கு மட்டும் கத்திரி வெயில்.

நானும் சும்மா இருக்கவில்லை. சூட்டை உறிஞ்சும் ஹீட் சிங்க்கைக் கழற்றித் துடைத்து, புதுத் தெர்மல் பேஸ்ட் தடவினேன். ப்ராசஸருக்குப் பாதி, என் ஸ்வெட்டருக்குப் பாதி. பரணிலிருந்து டேபிள் ஃபேனை இறக்கி கம்ப்யூட்டர் கேபினெட்டுக்கு எதிரே வைத்தேன். சுபாஷிணி போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "அப்பா, வெளில ஏழு டிகிரி. ஃபேனா? தும் டீக் ஹோ?" என்றாள். நீ சரியாத்தான் இருக்கியா என்று ஹிந்தியில் விசாரிக்கிறாள். இவளுக்குப் பாஷை சொல்லிக்கொடுத்ததில் மரியாதைப் பன்மை மட்டும் விட்டுப்போயிற்று. எதிர் ஃப்ளாட் மிஸஸ் பல்லா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். லிஃப்டில் ஜலஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பாயிசாபுக்கு வீட்டில் ஏதாவது டென்ஷனா?" என்று ஹிந்தியில் விசாரித்து, தனக்குத் தெரிந்த மனநல டாக்டர் நம்பரையும் கொடுத்தாளாம். உன் அக்கா அதைப் பத்திரமாக வாங்கி வைத்திருக்கிறாள்.

வியாழக்கிழமை பாட்டியாவைக் கூப்பிட்டேன். கம்ப்யூட்டர் ரிப்பேரில் இந்தக் காலனிக்கே அவன்தான் அத்தாரிட்டி, அவனே சொல்வான். மூடியைத் திறந்தான், உள்ளே மூக்கை விட்டான், முகம் மாறியது. "அங்கிள்ஜி, கட்டா ஸ்மெல் ஹை" என்றான். புளிப்பு வாசனையாம். கண்டென்சர் வெடித்து உள்ளிருந்து ஆசிட் கசிகிறதாம், போர்டு நாலு நாளுக்குத் தாங்காதாம். நானும் மோந்து பார்த்திருப்பேன். மெஷின் இருக்கிற பால்கனிப் பக்கம் உட்கார்ந்து உட்கார்ந்து என் மூக்கு அடைத்துப் போய் ஒரு வாரம் ஆகிறது. போகும்போது தூசி படாமல் மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான்.

இந்த அவஸ்தையில் எனக்கு இரண்டே ஆறுதல். ஒன்று, உன் அக்கா. கம்ப்யூட்டரைச் சக்களத்தி என்று கூப்பிட்டவள், இந்த ஒரு வாரமாக அடியோடு மாறிவிட்டாள். பாட்டியா சொன்னதும் தன் காஷ்மீர் சால்வையையே கொண்டுவந்து கேபினெட்டுக்குப் போர்த்திவிட்டாள். நேற்று மனசு விட்டுப்போய், "போறும் ஜலஜா, வேகத்தைக் குறைச்சுடறேன்" என்றேன். "நன்னாருக்கு. ஞாயித்துக்கெழமை சம்பந்தி வரச்சே குறைக்கறதாவது. ராத்திரி பூரா ஓடட்டும், நீங்க நிம்மதியாப் படுங்கோ" என்றாள். நானும் அப்படியே போய்ப் படுத்தேன். இரண்டாவது ஆறுதல், காலை டிபன். திங்கட்கிழமை இட்லி கேரம் போர்டில் போட்டு அடிக்கிற மாதிரி இருந்தது. நாளாக ஆக மெஷின் மோசமாகிறது, இட்லி தேறிக்கொண்டே வருகிறது. கஷ்டகாலத்தில் பகவான் ஒரு கதவை மூடினாலும் தட்டில் ஏதாவது போடுகிறான்.

ஆகவே அர்விந்த், நான் சொல்வது இதுதான். ஆசிட் கக்கும் மதர்போர்டை என் தலையில் கட்டியிருக்கிறாய். வாங்கின கடைக்காரனிடம் சண்டை போட்டு மாற்றிக் கொடு. பெரிய கூலர் ஒன்றும், இரண்டு ஃபேனும் உடனே அனுப்பு. அக்காவிடம் எதுவும் கேட்காதே. இந்த விஷயத்தில் அவள் பச்சைக் குழந்தை. இன்று ராத்திரி கடைசி முயற்சியாக பால்கனிக் கதவை விரியத் திறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன். டில்லி ஜனவரியைவிடப் பெரிய கூலர் உலகத்தில் கிடையாது.

உன் ஆத்துக்காரிக்கும் குழந்தைக்கும் என் ஆசிகள். உனக்கும் உண்டு, போர்டு மாறி வந்த பிறகு.

இப்படிக்கு,
குளிரில் வெந்துகொண்டிருக்கும்
ராமமூர்த்தி

பின்குறிப்பு (ஞாயிறு மாலை): தபால் ஆபீஸ் லீவானதால் நீ தப்பித்தாய். மேலே எழுதியதில் ஆசீர்வாதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை அடித்துவிடு.

காலையில் எழுந்து பார்த்தால் மெஷின் முதல் தடவையாக அணையாமல் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஆனந்தப்படுவதற்குள் காலிங் பெல். மூடுபனிக்குப் பயந்து சீக்கிரமே மெட்ரோ பிடித்து வந்துவிட்டார்கள். வேதாந்தம் ஷூவைக்கூடக் கழற்றாமல், "எங்கே மெஷின்?" என்றார். உன் அக்கா சமையலறையிலிருந்து பறந்து வந்து, "மொதல்ல காபி" என்று குறுக்கே நின்றாள். அவர் அவளைச் சுற்றிக்கொண்டு போய் சால்வையை உருவினார்.

கேபினெட் தலையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தின் மேல் பெரிய எவர்சில்வர் அடுக்கு. அதன் மூடியை ஒரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு, வெள்ளை வெளேரென்று இட்லி மாவு எட்டிப் பார்த்தது. உள்ளிருக்கும் சூடெல்லாம் வெளியே போகிற ஜன்னல் கேபினெட்டின் உச்சியில்தான் இருக்கிறது. தாம்பாளம் அதைக் கச்சிதமாக அடைத்திருந்தது. வாரம் முழுக்க நான் படுத்ததும் ஏற்றி, நான் எழுந்திருக்குமுன் இறக்கியிருக்கிறாள். இன்று இறக்குவதற்குள் பெல் அடித்துவிட்டது. பாட்டியா கண்டுபிடித்த ஆசிட் உளுந்தில் சேர்த்தி.

கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். சுபாஷிணி கண்ணை மூடிக்கொண்டாள். வேதாந்தம் மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார். மங்களம் மாமி சுவரிலிருந்த காலண்டரை உற்றுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"மங்களம், நம்மாத்து மாவை எங்கே வெக்கறே?"

"அதான் கைராசின்னேனே" என்றாள் மாமி, காலண்டரிடம்.

வேதாந்தம் சோபாவில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். "சம்பந்தி, நான் ரெண்டு மதர்போர்டு மாத்திட்டேன்" என்றார். அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தை முடிவதற்குள் நிச்சயதார்த்தம். இட்லி எப்படி இருந்தது என்று நான் எழுதினால் நீ டிக்கெட் எடுத்துவிடுவாய், அதனால் எழுதவில்லை. கூலரும் வேண்டாம், ஃபேனும் வேண்டாம். தலை இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கிற கேபினெட் கிடைத்தால் அனுப்பு. பயாஸ் இனிமேல் உன் அக்கா கையில். இட்லிக்கு ஐந்து, ஆப்பத்துக்கு அதற்கு ஒரு பிடி மேலே என்று முடிவு செய்திருக்கிறாள். உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்டு எழுதச் சொன்னாள்: தயிர் உறைய எத்தனை கிகாஹெர்ட்ஸ்?