பின்மூலை ஜன்னல் சீட்டு

நவம்பர் மாதத்துக் கொக்கு அணி இதுவரை ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்றதில்லை. ஆட்டங்கள் மார்ச்சில்தான் தொடங்கும் என்பது வேறு விஷயம்.

நவம்பரில் இளைஞர் தேர்வு நடக்கும். ஃபுட்டி என்பது கையும் காலும் சேர்ந்த ஆஸ்திரேலியக் கால்பந்து; அதை ஆடும், பள்ளி முடித்த பையன்களைக் கிளப்புகள் முறைவைத்து எடுத்துக்கொள்ளும். போன பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பு. அதனால் ஆகஸ்டு பிறந்ததுமே கொக்கு அணி ரசிகர்கள், தங்கள் அணி நன்றாகத் தோற்க வேண்டும் என்று மனதார வேண்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த ஒரு வேண்டுதலில் மட்டும் அணி அவர்களைக் கைவிட்டதே இல்லை.

தேர்வு முடிந்த வாரத்தில், குர்ராபின் ஊரில் புல்தரையில் பந்துருட்டும் பவுல்ஸ் கிளப்பின் பின்னறையில் ரசிகர் சங்கத்தின் குர்ராபின் கிளை கூடும். பீரும், தக்காளி சாஸ் தொட்டுக்கொள்ளக் கறி அடைத்த குட்டி 'மீட் பை'களும் இருக்கும். வரப்போகும் பருவத்துக்கான 'சிறந்த இருபத்திரண்டு பேர்' அங்கே தேர்ந்தெடுக்கப்படுவார்கள். கிளப்பின் பயிற்சியாளரும் மெல்போர்னில் ஓர் அணியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். கிளை அதைத் தடுத்ததில்லை.

இதெல்லாம் எல்லா ஊரிலும் நடப்பதுதான். குர்ராபினில் மட்டும் ஒரு சிறப்பு உண்டு. அது அவர்களுடைய பஸ்.

அந்தப் பழைய பஸ்ஸில் வரிசைக்கு மூன்று இருக்கை, ஆறு வரிசை. கடைக்கோடியில் நாலு பேர் உட்காரும் நீளப் பலகை. ஃபுட்டி மைதானத்திலும் மூன்று மூன்று பேராக ஆறு வரிசை நிற்பார்கள். மாற்றாட்டக்காரர் நாலு பேர் பலகையில் காத்திருப்பார்கள். பஸ்ஸைச் செய்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் கிளைத் தலைவி மொரீன் பாக்னிக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருடம் ஊராட்சி அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். இருக்கைச் சண்டைக்கு நிரந்தரத் தீர்வு காணும் பொருட்டு அவர் ஒரு விதி கொண்டுவந்தார். ஒவ்வொரு உறுப்பினரும் ஓர் ஆட்டக்காரருக்குப் பொறுப்பாளர். அந்த ஆட்டக்காரர் சிறந்த இருபத்திரண்டில் இருந்தால் பொறுப்பாளருக்கு பஸ்ஸில் இடம். ஆட்டக்காரர் மைதானத்தில் எங்கே நிற்கிறாரோ, பொறுப்பாளர் பஸ்ஸில் அங்கே உட்கார வேண்டும். பஸ் ஓட்டுபவர் பயிற்சியாளருக்குச் சமம். ஆகவே ஒவ்வொரு ஜூலையிலும் அவரை நீக்கக் கோரி ஒரு தீர்மானம் வரும்.

அன்றிலிருந்து இருக்கைச் சண்டை ஒழிந்தது. ஆட்டத்தைப் பற்றிய சண்டை மட்டுமே மிஞ்சியது.

மெர்வ் டிரான்டர் ஊரில் கசாப்புக் கடை வைத்திருந்தவர். இப்போது கடை இல்லை. கண்ணில் புரை விழுந்ததால் கார் ஓட்டவும் விடுவதில்லை. அவர் டுவிக் என்பவனுக்குப் பொறுப்பாளர். டுவிக் பின்மூலைக் காவலன். பெயர் எடுக்காத ஆட்டக்காரன். பெயர் கெடாத ஆட்டக்காரனும்கூட. அதன் பயனாக மெர்வுக்கு ஆறாவது வரிசையில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்திருந்தது. பக்கத்து சீட்டில் தாஸோ. காபிக் கடைக்காரர், ஐந்தடி உயரம். அணியின் மிக நெட்டையான ஆளுக்குப் பொறுப்பாளர் என்பதால், முதலில் அவருக்குக் கால் நீட்டும் வசதியுள்ள கதவோர சீட்டு ஒதுக்கப்பட்டது. அவர் கால் தரையைத் தொடவில்லை. தன் ஆள் ஓரிடத்தில் நிற்காமல் மைதானம் முழுக்கத் திரிபவன் என்று மேல்முறையீடு செய்து மெர்வ் பக்கத்துக்கு வந்துவிட்டார். நாலு மணி நேரப் பயணத்தில் இருவரும் பேசாத நிமிடம் கிடையாது. மெர்வ் வாரம் முழுக்க வேறு யாரோடும் அவ்வளவு பேசுவதில்லை. சனிக்கிழமை அந்த சீட்டு இல்லையென்றால் அவருக்கு மற்ற ஆறு நாளும் எதற்கென்று தெரியாது.

அந்த வருடக் கூட்டத்தில் ஹேமிஷ் எழுந்து நின்றான். மெல்போர்னிலிருந்து குடிவந்து ஒரு வருடம்கூட ஆகாதவன். வீட்டில் உட்கார்ந்தபடியே நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்பவன். கையில் கணினி.

"நம்ம கிளப் இந்தத் தடவை எடுத்திருக்கிற பையன் ஆர்லோ பேக்ஸ்டர். அவனுக்கு நான் பொறுப்பேத்துக்கிறேன். அவனை நேரா இருபத்திரண்டுல சேர்க்கணும்."

"ஏன்?" என்றார் மெர்வ்.

"வளர்ச்சி சாத்தியக் குறியீடு தொண்ணூத்தேழு, பெரியவரே."

"அப்படின்னா?"

"நூத்துக்குத் தொண்ணூத்தேழு."

விளக்கம் திருப்திகரமாக இருந்ததால் பலரும் தலையாட்டினார்கள். ஹேமிஷ் ஒரு காணொளியும் போட்டுக் காட்டினான். முரசு அதிர, பையன் எட்டு முறை உதைத்தான். எட்டும் கோல்.

"தப்பிப்போன உதையை எங்க காட்டுறான்?" என்று கேட்டார் மெர்வ்.

"அதை யாரு படம் எடுப்பா?"

"சரி தம்பி, இவன் ஆடி இங்க யாராவது நேர்ல பார்த்திருக்கீங்களா? யாருமே பார்க்காத பையனை எப்படிப்பா டீம்ல போடுறது?"

"டுவிக்கை எல்லாரும் பார்த்திருக்கோமே. பார்த்து என்ன ஆச்சு?"

அறை சிரித்தது. மெர்வுக்குக் காது சிவந்தது.

"டுவிக் இத்தனை வருஷத்துல கோலுக்கு முன்னாடி குறுக்க உதைச்சதே கிடையாது. ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்!"

தன் கோலுக்கு முன்னாலேயே பந்தைக் குறுக்கே உதைப்பது கொக்கு ரசிகர்களிடையே கொலைக்கு ஒரு படி மேலான குற்றம். டுவிக் அதைச் செய்ததில்லைதான்.

"செய்யாததுக்கெல்லாம் சீட்டு கொடுத்தா பஸ் பத்தாது" என்றான் ஹேமிஷ்.

தாஸோ மெர்வின் காதில் கிசுகிசுத்தார். "யோவ், உன் ஆளுக்கும் ஏதாவது ஒரு குறியீடு சொல்லுய்யா."

"என்னன்னு சொல்ல?"

"தொண்ணூத்தெட்டுன்னு சொல்லு."

மெர்வ் சொல்லவில்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லை. தராசு வைத்துப் பிழைத்தவர்.

மொரீன் முடிவை அறிவித்தார். ஆர்லோ பேக்ஸ்டர் முன்வரிசையில் சேர்க்கப்படுகிறார். முன்வரிசைக்காரர் ஒருவர் நடுவுக்கும் நடுவிலிருந்து ஒருவர் பின்னுக்கும் நகர்த்தப்படுவர். மேற்படி நகர்வின் காரணமாக டுவிக் விடுவிக்கப்படுகிறார். அன்னாரது நீண்டகாலச் சேவையைக் கருதி அவசர மாற்றாளாக வைத்துக்கொள்ளப்படுவார்.

"அவசர மாற்றாளுக்கு பஸ்ல இடம் உண்டா தலைவரம்மா?" என்றார் மெர்வ்.

"அவசரம் வந்தா உண்டு."

மார்ச் வந்தது. முதல் ஆட்டத்தன்று விடிகாலை பஸ் புறப்பட்டது. மெர்வ் வழியனுப்பப் போகவில்லை. தங்கை மகள் டெப் ஆட்டு லாரி ஓட்டுபவள். மெல்போர்ன் ஓரத்துக்கு அன்று அவளுக்கு ஒரு நடை இருந்தது.

"மாமா, முன்னாடி சீட்டுல நாய் வரும். நாய்க்குப் பக்கத்துல உக்காந்துக்கிறீங்களா?"

"நாய் எந்த டீமு?"

"அது ஃபுட்டி பார்க்காது மாமா."

"அப்ப நிம்மதியா இருக்கும்" என்று ஏறிக்கொண்டார் மெர்வ்.

பஸ் முக்கால் வழி போயிருந்தபோது ஹேமிஷின் கைப்பேசியில் செய்தி வந்தது. ஆர்லோ பேக்ஸ்டர் காலையில் படுக்கையிலிருந்து எழுந்தபோது கழுத்து பிடித்துக்கொண்டது. அன்று ஆடமாட்டான். அவனுக்குப் பதிலாகக் கிளப் டுவிக்கை அழைத்திருந்தது.

ஹேமிஷ் செய்தியை உரக்கப் படித்தது ஒரு பிழை. மொரீன் எழுந்து நின்றார்.

"விதிப்படி, விலகிய ஆட்டக்காரரின் பொறுப்பாளர் இறங்கிடணும்."

"இங்கயா? இது நெடுஞ்சாலை!"

"அடுத்த பெட்ரோல் பங்க்குல இறங்கிக்கலாம். கிளை மனிதாபிமானத்தோடதான் நடக்கும்."

ஹேமிஷ் கணினியோடு இறக்கப்பட்டான். பஸ் கிளம்பப் பார்த்தது. மொரீன் கையை உயர்த்தினார்.

"இருபத்தொரு பேரோட களம் இறங்க முடியாது. அவசர மாற்றாளை ஏத்தணும்."

"அவரு குர்ராபின்ல இருக்காரே!" என்றார் ஓட்டுநர்.

"அதனாலதான் குர்ராபின் போகணும்."

"போயிட்டு வந்தா ஆட்டம் முடிஞ்சிடும்மா."

"ஆட்டத்துக்காக அணியைக் குறைச்சுக்க முடியுமா?"

பஸ் திரும்பியது. ஆட்ட வர்ணனை கேட்டு அணித் தேர்வில் சார்பு வந்துவிடக் கூடாதென்று வானொலியும் அணைக்கப்பட்டது. கோதுமைக் கிடங்குகளைத் தாண்டி ஊருக்குள் வந்து, மெர்வ் வீட்டு வாசலில் நின்று, இருபத்தொரு பேரும் முறைவைத்து ஹாரன் அடித்தார்கள். மாலைவரை கதவு திறக்கவில்லை.

மெர்வ் மைதானத்தில் இருந்தார். ஆட்டு வாடை அடித்ததால் அவரைச் சுற்றி இருந்தவர்கள் நாகரிகமாக நகர்ந்துகொள்ள, அப்படி ஓர் இடம் அவருக்கு வாழ்நாளில் கிடைத்ததில்லை. டுவிக் ஓடி வருவதைப் பார்த்ததும் எழுந்து நின்று கத்தினார். பக்கத்தில் தாஸோ இல்லாததால் யாரும் திருப்பிக் கத்தவில்லை. அது மட்டும்தான் குறை.

கடைசி நிமிடத்தில் கொக்கு அணி ஐந்து புள்ளி முன்னால் இருந்தது. பந்து பின்மூலையில் டுவிக்கின் கைக்கு வந்தது. அவன் ஓரமாக நீளமாய் உதைத்தால் போதும்; ஆட்டம் முடிந்தது. டுவிக் நிமிர்ந்து பார்த்தான். யோசித்தான். அவன் யோசித்ததை மெர்வ் அதற்குமுன் பார்த்ததில்லை. பிறகு, கோலுக்கு முன்னால், குறுக்கே உதைத்தான்.

பந்து எதிரணிக்காரன் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. அவன் நிதானமாகக் கோல் அடித்தான். கோலுக்கு ஆறு புள்ளி. ஒரு புள்ளியில் தோல்வி.

திங்கட்கிழமை அவசரக் கூட்டம். முதல் குற்றச்சாட்டு, அவசர மாற்றாள் பணியிடத்தில் இல்லை என்பது.

"எங்க போயிருந்தீங்க?" என்றார் மொரீன்.

"ஆட்டம் பார்க்க."

"யாரைக் கேட்டு?"

"ஆட்டம் பார்க்கத்தானே நாம எல்லாம்..." அறையில் யாரும் அந்த வாக்கியத்துக்கு உதவிக்கு வரவில்லை.

ஹேமிஷ் எழுந்தான். பெட்ரோல் பங்க்கில் வெயிலில் நின்றதில் மூக்கு உரிந்திருந்தது. "நம்ம கிளை தேர்ந்தெடுத்த அணியைக் கணினியில ஆடவிட்டுப் பார்த்தேன். முப்பது புள்ளியில ஜெயிச்சிருக்கோம்."

கைத்தட்டல் எழுந்தது. நவம்பர் அணியின் சாதனை அப்படியே நின்றது.

மொரீன் கனைத்துக்கொண்டார். "இருந்தாலும், கிளப்பே டுவிக்கை ஆட வெச்சிருக்கு. ஆகவே அவனை மறுபடி பின்மூலையில சேர்க்கலாம்னு குழு கருதுது. சம்பிரதாயத்துக்கு ஒரு கேள்வி. நேர்ல பார்த்தவர் நீங்க ஒருத்தர்தான். டுவிக் எப்படி ஆடினான்?"

தாஸோ மேசைக்கடியில் மெர்வின் காலை மிதித்தார். 'நல்லா ஆடினான்' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். ஜன்னல், கோதுமைக் கிடங்கு, தாஸோவின் வாய் ஓயாத பேச்சு எல்லாம் திரும்ப வந்துவிடும். மெர்வ் வாயைத் திறந்தார். கண்ணுக்குள் அந்தப் பந்து குறுக்கே போய்க்கொண்டிருந்தது.

"குறுக்க உதைச்சான்" என்றார்.

சாவு வீட்டுக்கு வந்தவர்போல் தாஸோ தொப்பியைக் கழற்றினார்.

"தூக்குங்க அவனை!" என்று மேசையைத் தட்டினார் மெர்வ். "இனி அந்தப் பய மூஞ்சியில முழிக்க மாட்டேன்!"

மொரீன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "இது ஆட்டம் சம்பந்தமான கருத்து. இந்தக் குழுவோட அதிகார வரம்புக்குள்ள வராது. இருந்தாலும் பொறுப்பாளரே கைவிட்டதால டுவிக் நீக்கப்படுறான். உங்களுக்கு இப்ப ஆட்டக்காரர் இல்லை, மெர்வ்."

மெர்வ் உட்கார்ந்தார். தாஸோவைப் பார்த்தார். பஸ் சாவி தொங்கும் ஆணியைப் பார்த்தார். மறுபடி எழுந்தார்.

"அந்த பேக்ஸ்டர் பையனை எனக்குக் கொடுங்க."

"அவன் என் ஆளு!" என்று துள்ளினான் ஹேமிஷ். "நீங்கதானே யாருமே பார்க்காத பையன்னு சொன்னீங்க?"

"அதனாலதான் கேக்குறேன். அவன் இதுவரைக்கும் ஒரு தப்பாவது பண்ணியிருக்கானா? சொல்லு பார்ப்போம்."

ஹேமிஷ் கணினியைப் பார்த்தான். கணினியிலும் எட்டு கோல்தான் இருந்தது.

"அவனைப் பின்மூலையில நிறுத்துங்க" என்றார் மெர்வ்.

"அவன் கோல் அடிக்கிறவன்!"

"கோல் அடிக்கிறவனுக்குத்தான் தம்பி கோலோட அருமை தெரியும். குறுக்க உதைக்க மாட்டான்."

வாதத்தில் குறை காண முடியாததால் தீர்மானம் நிறைவேறியது. உடனே தாஸோ எழுந்து, தம் நெட்டையனை விட்டுவிட்டு, முழங்கால் முறிந்து, சென்ற வருடம் முழுதும் கட்டோடு கிடந்த ஒருவனைக் கேட்டார். அவனும் தப்பு செய்ததில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். பீர் தீர்வதற்குள், குர்ராபின் கிளையின் சிறந்த இருபத்திரண்டில் ஆடக்கூடிய நிலையில் ஒருவரும் இல்லை. ஆடாதவர் விலகவும் முடியாது என்பதால் இனி பஸ்ஸிலிருந்து யாரும் இறங்க வேண்டியதில்லை. ஹேமிஷ் அவசர மாற்றாளின் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டான். சனிக்கிழமைகளில் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று அவனுக்காகவே விதி திருத்தப்பட்டது.

அடுத்த சனிக்கிழமை பஸ் விடிகாலையில் நிறைந்து கிளம்பியது. மெர்வ் ஜன்னலில் நெற்றியை வைத்துக் கோதுமைக் கிடங்குகள் போவதைப் பார்த்தார். பிறகு தாஸோ பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லு, ரொம்ப வருஷத்துக்கப்புறம் இப்பதான் நம்ம டீமு ஒரு நிலைக்கு வந்திருக்கு."