ஆடில்லாத வீட்டுக்கு ஓர் ஆட்டுநாய்

திராட்சை பறிக்க வந்த பெண்கள் அத்தனை பேரையும் பந்தலின் ஒரு மூலையில் ஒதுக்கி நிறுத்தியிருந்தது நாய். யாராவது காலை எடுத்து வைத்தால் குனிந்து முறைத்தது.

"அண்ணே, இதைப் புடிங்க! நாங்க பழம் பறிக்கவா, இங்கனயே நிக்கவா?"

குருசாமிக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆச்சரியமாகவும் இருந்தது. பார்டர் கோலியாம். வெளிநாட்டில் ஆடு மேய்க்கிற இனமாம். அவர் ஆசைப்பட்டது ராஜபாளையம் நாய்க்கு. இதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்று, தானே சின்னமனூர் போய் வாங்கி வந்தவள் மனைவி வேல்விழி. ஆடே இல்லாத வீட்டுக்கு ஆட்டுநாய் எதற்கு? கேட்டால், "அறிவான நாயாம்ல" என்பாள். இதன் மண்டைக்குள் என்னதான் ஓடுகிறது என்று குருசாமிக்குத் தெரிந்தே ஆகவேண்டும்.

நாயை விற்ற பிரின்சிக்குப் போன் போட்டார்.

"சும்மா இருந்தா அதுக்குக் கிறுக்குப் புடிச்சிரும் சார். ஏதாச்சும் வேலை குடுங்க."

கடமலைக்குண்டு போய் இரண்டு ஆடு வாங்கி வந்தார். வந்த வேகத்தில் இரண்டையும் அடுப்படிக்குள் ஓட்டிவிட்டு, பெருமையாக வாசலை மறித்து உட்கார்ந்தது நாய். உள்ளே வேல்விழியும் இருந்தாள்.

"ஆட்டை வித்துட்டு வாங்க. இல்லைன்னா நானும் இதுகளும் இங்கனயே குடித்தனம் நடத்துறோம்!"

ஆடுகள் வந்த வழியே போயின. மறுபடியும் பிரின்சிக்குப் போன்.

"அப்ப நல்லா நடக்க வைங்க சார். உடம்பு அலுத்தா அடங்கிரும்."

இங்கேதான் குருசாமி சறுக்கினார். "மோட்டார் போட்டுட்டு வாரேன்" என்று அவர் தினமும் சாயங்காலம் கிளம்புவது, மோட்டார் ரூமில் மூன்று கூட்டாளிகளோடு சீட்டாட. அவருக்கு இருந்த ஒரே சுகம் அதுதான். வேல்விழிக்குத் தெரிந்தால் அதோடு சரி. நாய் வாய் திறந்து சொல்லவா போகிறது என்று துணிந்து கூட்டிப் போனார்.

நாய் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு கூட்டாளி பாண்டீஸ்வரனின் குதிகாலை மெல்லக் கவ்வியது. அவர் துள்ளி எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். வாய்க்கால் பக்கம் ஓடப் பார்த்தவரை வளைத்துத் திருப்பியது. கையில் சீட்டோடு நாலு பேரும் காமயகவுண்டன்பட்டித் தெரு வழியே வரிசையாக நடந்து, குருசாமி வீட்டு முற்றத்தில் வந்து நின்றார்கள்.

வேல்விழி உள்ளே போய் ஒரு கிண்ணம் பால் கொண்டுவந்து நாய்க்கு வைத்தாள்.

"நாளைக்கே இந்தச் சனியனைத் திருப்பிக் குடுத்துர்றேன்!" என்று கத்தினார் குருசாமி.

புருஷனைக் கூட்டிப் போக வந்த பாண்டீஸ்வரன் மனைவி மொக்கம்மாள், நாயின் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"அதெப்படிண்ணே குடுப்பீக? நாலு வீட்டுப் பொம்பளைகளும் பங்கு போட்டு வாங்குன நாயில்ல? ஏ வேலு, அடுத்த வாரம் எங்க வீட்டு முறை!"