மச்சானை விரட்ட வந்த முதலை

"இனிமே இந்த வீட்டுல கோழி கிடையாது, ஆடு கிடையாது. குளத்துலயும் காட்டுலயும் திரியறதைத்தான் சமைக்கணும்!"

ஒரு திங்கட்கிழமை காலையில் பூட்டுக்காரர் இப்படி ஆணையிட்டார். ஒரு கையில் டீ டம்ளரும் மறு கையில் பல் துலக்கும் பிரஷும் இருந்ததால், குரலுக்கு ஏற்ற மாதிரி கையை ஓங்க முடியவில்லை. அது ஒன்றுதான் குறை.

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சரிங்க" என்றாள்.

கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவள் மறுபேச்சில்லாமல் "சரிங்க" என்று சொன்னது இது மூன்றாவது தடவை. முதல் தடவை சொன்னபோது அவருடைய மோட்டார் சைக்கிள் கைமாறிப் போனது. இரண்டாவது தடவை சொன்னபோது அவருடைய மீசை போனது. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே உஷாராகியிருப்பான். பூட்டுக்காரருக்கு அந்த ஞானம் இல்லை. எந்தப் பூட்டையும் காதருகில் வைத்து ஆட்டிப் பார்த்தே திறந்துவிடுவார். வீட்டுக்காரி சொல்வது மட்டும் அந்தக் காதில் ஏறாது.

உண்மையில் அவருக்குக் காட்டுக் கறி மேல் எந்த ஆசையும் கிடையாது. அவருடைய குறி மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். பல் பிடுங்க நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவர். பல்லைப் பிடுங்கினார்கள். வாய் ஆறியது. புதுப் பல் செட்டும் வந்து சேர்ந்தது. மச்சான் மட்டும் கிளம்பவில்லை. ஐந்து மாதம் ஆகிறது. வந்த பல்லுக்கே வேர் விட்டுவிட்டது போல, மனுஷன் அசையவில்லை.

அதுகூடப் போகட்டும். அவர் படுத்திருப்பது பின்பக்க அறையில். அந்த வீட்டில் காற்று வரும் ஒரே அறை அது. முப்பது வருஷமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பூட்டுக்காரர் ஒரு மணி நேரம் கண்ணயரும் கட்டில் அங்கேதான் கிடக்கிறது. இப்போது கட்டில் மச்சானுக்கு. பூட்டுக்காரருக்கு ஹாலில், தையல் மெஷினுக்கும் செருப்பு அலமாரிக்கும் நடுவில் ஒரு பாய். புரண்டு படுத்தால் ஒரு பக்கம் மெஷின் மிதி, மறுபக்கம் மச்சானின் செருப்பு.

பழைய கணக்கும் ஒன்று பாக்கி இருந்தது. கல்யாணத்தன்று இந்த மச்சான் நாலு பேர் நடுவில், "போட்டோவுல மாப்ளே கொஞ்சம் உயரமாத் தெரிஞ்சாரே?" என்று கேட்டிருந்தார். முப்பத்தொரு வருஷமாகப் பூட்டுக்காரர் அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தார். பதில் தவளை ரூபத்தில் கிடைத்தது.

ஏனென்றால் மச்சான் மகா அருவருப்புக்காரர். குழம்பில் கறிவேப்பிலை நீளமாக மிதந்தாலே பூரான் என்று எழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர் தட்டில் தவளையைக் கண்டால் செருப்பைக்கூடப் போடாமல் ஓடுவார் அல்லவா?

திட்டத்தில் ஒரே ஒரு சின்ன இடைஞ்சல். பூட்டுக்காரரும் அதே ஜாதிதான். மீனை வாங்கினால் அது தன்னைப் பார்க்காதபடி தலையைத் திருப்பி வைக்கச் சொல்கிறவர். இந்த ரகசியம் வெளியில் யாருக்கும் தெரியாது என்பது அவர் நம்பிக்கை.

மார்க்கெட் கோடியில் ஐஸில் வைத்த கறி விற்கும் கடை ஒன்று உண்டு. பண்ணையில் வளர்த்த விசித்திரப் பிராணிகளெல்லாம் அங்கே கிடைக்கும். பூட்டுக்காரர் கடைக்காரரிடம் மூன்று வாரத்துக்கு மூன்று பொட்டலம் வாங்கினார். தவளைக்கால் ஒன்று, நத்தை ஒன்று, முதலை ஒன்று. வீட்டுக்குக் கொண்டுவரும்போது பையை உடம்பில் படாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே நடந்தார். எதிரே வந்தவர்கள் ஏதோ வெடிகுண்டு என்று ஒதுங்கினார்கள்.

மனைவி தூக்கி எறிந்துவிட்டால்? அதற்கும் வழி செய்தார். ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டிக் கதவில் கொக்கி அடித்து, தன் கையால் செய்த பூட்டு ஒன்றைத் தொங்கவிட்டார். இந்த ஊரில் அதைத் திறக்க இன்னொருவன் பிறந்து வரவேண்டும். சாவி சட்டைப் பையில்.

முதல் ஞாயிறு. பூட்டைத் திறந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, தவளைப் பொட்டலத்தைத் துணியால் பிடித்து அடுப்பங்கரையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டார். மதியம் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

"மச்சான், இன்னைக்கு என்ன தெரியுமா? தவளை."

மச்சான் தட்டைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். புதுப் பல் செட்டு டக் டக் என்று ஆடியது.

"மாப்ளே!"

"என்ன மச்சான், குமட்டுதா?"

"இந்த ருசியை இத்தனை வருஷமா என்கிட்ட மறைச்சு வச்சிருந்தீங்களே, இது நியாயமா? இன்னும் ரெண்டு போடும்மா."

பூட்டுக்காரருக்கு வாய் திறந்தது திறந்தபடி நின்றது. மனைவி அதில் ஒரு துண்டை வைக்காத குறை.

"நீங்க ஏங்க வெறும் சோத்தைப் பிசையறீங்க? நீங்க போட்ட சட்டம்தானே? சாப்பிடுங்க."

கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அன்று பூராவும் ஏப்பம் வரும்போதெல்லாம் அவருக்கு அது வேறு சத்தமாகக் கேட்டது.

இரண்டாம் ஞாயிறு நத்தை. மச்சான் எலும்பில்லாத கறி பல் செட்டுக்கு ஏற்றது என்று சொல்லி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். பூட்டுக்காரர் இரண்டு உருண்டையை மெல்லாமல் விழுங்கினார். அவை மெதுவாக, மிக மெதுவாக, வயிற்றுக்குள் ஊர்ந்து போவதை உணர்ந்தார்.

மூன்றாம் ஞாயிறு முதலை.

"மாப்ளே, முதலை நம்மளைத் தின்னும்னு கேள்விப்பட்டிருக்கேன். நாம முதலையைத் தின்னுறது உங்களாலதான்!"

"கண்ணீர் ஏங்க வருது?" என்றாள் மனைவி.

"காரம்" என்றார் பூட்டுக்காரர்.

மூன்று வாரத்தில் மச்சானுக்குத் தொந்தி விழுந்தது. பூட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை நினைத்து நினைத்துத் திங்கள் முதல் சனி வரை பட்டினி. இடுப்பு பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டார். ஆனாலும் ரோஷம் விடுமா? கடைசி ஆயுதம் பாம்பு என்று முடிவு செய்து, நாலாம் ஞாயிறு காலையில் கறிக்கடைக்குப் போனார்.

"பாம்பா? வரவழைச்சுத் தரலாம்" என்றார் கடைக்காரர். "ஆனா எதுக்கு வீண் அலைச்சல்? கடைசியில அதுவும் கோழியாத்தானே ஆகப்போகுது."

"என்னது?"

"நீங்க வாங்கிட்டுப் போனீங்கள்ல, மறுநாளே உங்க வீட்டம்மா மூணு பொட்டலத்தையும் பிரிக்காம திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. அதே கவர்ல கோழித்தொடை, கோழி ஈரல், கோழி நெஞ்சுன்னு போட்டுக் கேட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

பூட்டுக்காரருக்கு முதலில் வயிறு நிம்மதியானது. அப்புறம்தான் மானம் போனது. போன மானத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்தப் பழைய தவளைப் பொட்டலத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"எப்படிடீ திறந்தே என் பூட்டை?"

"சாவி போட்டுத்தான்."

"சாவி என் பையில இருக்கு!"

"ரெண்டாவது சாவி வாசல் ஆணியில இருக்கு. எந்தப் பூட்டு செஞ்சாலும் ரெண்டு சாவி வெட்டி, ஒண்ணை ஆணியில மாட்டிட்டு, 'இது வீட்டுக்கு'ன்னு கத்திட்டுப் போவீங்களே. அன்னைக்கும் கத்துனீங்க. நானும் சரிங்கன்னேன்."

நாற்பது வருஷத் தொழில் பழக்கம். கை தானாகவே மாட்டியிருக்கிறது. பூட்டுக்காரர் தன் கையையே முறைத்துப் பார்த்தார்.

"எதுக்குடீ இந்த வேலை?"

"அண்ணன் இருந்தா பேச்சுத் துணையா இருக்கு. நீங்க கடையில இருந்து வந்தா செருப்பைக் கழட்டுவீங்க, சோத்துல உப்பு இல்லைன்னுவீங்க, படுப்பீங்க. முப்பத்தொரு வருஷத்துல நீங்க என்கிட்ட பேசினதை அவரு அஞ்சே மாசத்துல பேசிட்டாரு."

மாட்டிக்கொண்டால் பூட்டுக்காரர் கத்துவார்.

"மச்சான்! வெளியில வாங்க!"

பொட்டலத்தை அடுப்பங்கரையில் வைத்துப் பிரித்தார். இந்தத் தடவை கண்ணைத் திறந்துகொண்டு. ஜோடி ஜோடியாக, சின்னப் பிள்ளைகளுக்குத் தைத்த கால்சட்டை மாதிரி, வெள்ளை வெளேரென்று தவளைக்கால்கள். அவரே கரண்டியைப் பிடித்து, கால்களை எண்ணெயில் போட்டுப் பொரித்தார். மச்சான் எட்டிப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாகப் போயிற்று.

"மாப்ளே, இது... இது கோழி இல்லையே?"

"நிஜத் தவளை! இனி வாரா வாரம் நானே சமைப்பேன். இந்தக் கையால!"

மச்சான் உள்ளே போனார். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. பூட்டுக்காரருக்கு அது நாதஸ்வரமாகக் கேட்டது. மதியத் தூக்கம், ஜன்னல் காற்று, கட்டில், எல்லாம் ஒரு கை தூரத்தில்.

"அண்ணே, கொஞ்சம் இருங்க" என்றாள் மனைவி. தவளைத் தட்டை எடுத்துப் பூட்டுக்காரர் முன்னால் வைத்தாள். "சட்டம் போட்டவரு முதல்ல சாப்பிடட்டும். ஒரே ஒரு கால். அவரு தின்னுட்டா நீங்க இப்பவே கிளம்புங்க, நான் தடுக்கலை. தின்னலைன்னா நீங்க இருங்க, அவரு வாயைத் திறக்கக் கூடாது. சரிதானேங்க?"

"ஒண்ணு என்ன, பத்து தின்னுவேன்!"

ஒரு காலை எடுத்தார். அது ஜோடியோடு வந்தது. பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை. முட்டி மடங்கி உட்காரத் தயாராக இருந்தது. கட்டிலை நினைத்துக்கொண்டார். காற்றை நினைத்துக்கொண்டார். போட்டோவில் தெரிந்த உயரத்தை நினைத்துக்கொண்டார். வாயைத் திறந்து உள்ளே வைத்தார். நாக்கில் பட்டது. பாதம்.

கொல்லைப்புறம் வரை அவர் ஓடியதை நடை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மூன்று வாரத்துக் கோழியும் சேர்ந்து வெளியே வந்த மாதிரி இருந்தது.

வெகுநேரம் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது, பக்கத்துச் சந்து வழியாக மச்சான் தெருவில் இறங்கிப் போவது தெரிந்தது. தோளில் பெரிய மூட்டை. திரும்பிப் பார்க்காமல் விறுவிறுவென்று நடந்தார்.

பூட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஈர முகத்தோடு வீட்டுக்குள் பாய்ந்தார்.

"பாத்தியாடீ? நான் தின்னாட்டி என்ன, அந்த வாசனைக்கே மனுஷன் மூட்டையைக் கட்டிட்டாரு! போறாரு பாரு, போறாரு பாரு!"

மனைவி துடைப்பத்தைச் சுவரில் சாத்தினாள்.

"அது உங்க பாயும் தலையணையுங்க. நாளைக்கு அண்ணி பிள்ளைங்களோட வர்றாங்க, ஹால் வேணும். உங்க பூட்டுக்கடையில போட்டுட்டு வரப் போறாரு."