ஏழாவது குழி உள்வாங்குகிறது

இனி இந்தப் பிறவியில் ஒரு சுவருக்கும் வெள்ளையடிப்பதில்லை என்று விஞ்சுக்காரர் முடிவெடுத்தபோது அவர் கையில் சுண்ணாம்பு வாளி இருந்தது. ஏணியின் அடியில் மனைவி இருந்தாள். ஆகவே முடிவை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, மீதிச் சுவரையும் அடித்து முடித்தார்.

நிலக்கரிச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஆட்களைக் கூண்டில் வைத்து, விஞ்சு என்ற இழுவை இயந்திரத்தால் உள்ளே இறக்குவதும் மேலே ஏற்றுவதும் அவர் வேலை. பெயர்தான் விஞ்சுக்காரர், வீட்டில் அவர் யாரையும் விஞ்சியதில்லை. சுரங்கத்தை மூடி, பள்ளத்தை நிரப்பி, மேலே புல்லை வளர்த்து கோல்ஃப் மைதானம் ஆக்கினார்கள். இவருக்கு அங்கேயே புல்வெட்டும் வண்டி ஓட்டும் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொழிலாளர்களும் ஆடலாம் என்று ஒரு சலுகை வேறு. விளையாட்டாகத்தான் ஒருநாள் மட்டையைப் பிடித்தார். பிடித்தது அவரைப் பிடித்துக்கொண்டது. இருபத்தாறு வருஷம் ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்து கம்பியை இழுத்த மனிதர். திறந்த வெளியில் நின்று ஒரு பந்தை அடித்து, அது எங்கே போய் விழுகிறது என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு சந்தோஷம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் மனைவி கேட்டாள். சுரங்கத்தில் விளக்கறைப் பொறுப்பு அவளுடையது. உள்ளே போனவர்களின் டோக்கனும் திரும்பி வந்த விளக்கும் ஒன்றுக்கொன்று சரியாகும்வரை வீட்டுக்குக் கிளம்பமாட்டாள். அப்பேர்ப்பட்டவள் வீட்டுச் சுவரில் விரலை வைத்தால் விரல் கரியாக வந்தது. “சுரங்கத்தை மூடி ஆறு வருஷம் ஆச்சு. நம்ம வீட்டுக்குள்ள மட்டும் இன்னும் ஓடுது,” என்றாள். ஞாயிற்றுக்கு ஓர் அறை என்று திட்டமும் போட்டாள்.

முதல் ஞாயிறு கூடத்தில் ஒரே ஒரு சுவரோடு போயிற்று. இரண்டாவது ஞாயிறு வருவதற்குள் விஞ்சுக்காரர் ஒரு பொய்யைத் தயார் செய்துவிட்டார். ஏழாவது குழிக்குப் பக்கத்தில் தரை உள்வாங்குகிறது, பழைய சுரங்கப் பாதை நேர் கீழே போகிறது, ஞாயிறுதோறும் அளந்து பார்க்கும்படி மேனேஜர் தன்னைத்தான் நம்பி ஒப்படைத்திருக்கிறார் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு சொன்னார்.

அந்த ஊரில் எதை வேண்டுமானாலும் கேலி செய்வார்கள். தரை உள்வாங்குகிறது என்பதை மட்டும் யாரும் கேலியாகச் சொல்வதில்லை. தலைவலி என்றால்கூட நெற்றியைத் தொட்டுப் பார்த்த பிறகே நம்பும் மனைவி, இதை உடனே நம்பினாள். “போயிட்டு வாங்க. ஓரமா நில்லுங்க,” என்றாள். அவருக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. முதல் பந்தை அடித்ததும் உறுத்தல் போய்விட்டது.

திரும்பி வந்ததும் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று கேட்டாள். நன்றாக ஆடிய நாள், அதனால் தாராள மனசோடு அரை அங்குலம் என்றார். அவள் அதைக் காலண்டரில் குறித்துக்கொண்டாள். அடுத்த வாரம் மூன்று பந்துகளைக் குளத்தில் விட்டுவிட்டு வந்தார். அன்றைக்குத் தரை மூன்று அங்குலம் இறங்கியது. இப்படியே ஒன்பது வாரம் அவர் ஆடினார், தரை இறங்கியது, அவள் குறித்தாள். கடைசியில் தொழிலாளர் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கே வந்துவிட்டார். எதிராளி, சுரங்கக் காலத்திலிருந்தே கூட இருக்கும் கேண்டீன்காரர். கேரம், சீட்டு, கயிறு இழுப்பது என்று முப்பது வருஷமாக எதிலும் அந்த ஆளை இவர் ஜெயித்ததில்லை. இந்த ஒரு தடவை ஜெயித்துவிட்டால் போதும், பிறகு எது எப்படிப் போனாலும் கவலையில்லை என்று தூக்கத்தில்கூட மட்டையை ஓங்கிக்கொண்டிருந்தார்.

இறுதி ஆட்டத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் முன்னால் மனைவி காலண்டரை விரித்தாள்.

“மொத்தம் பத்தொன்பது அங்குலங்க.”

“அவ்வளவா?” என்றார். அவருக்கே அதிர்ச்சி.

“ஆனா ஒண்ணு புரியல. கொட்டுற மழையில அரை அங்குலம். சுள்ளுன்னு வெயிலடிச்ச அன்னிக்கு மூணு. நீங்க சிரிச்சுக்கிட்டு வந்தா கொஞ்சமா இறங்குது, மூஞ்சியத் தூக்கிக்கிட்டு வந்தா நிறைய இறங்குது.”

அவர் பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தார்.

“அதான் இன்னிக்கு நானே போய்ப் பார்த்தேன். பள்ளத்தையே காணோம். அங்க தண்ணி ஊத்திக்கிட்டிருந்தவரு, இறுதி ஆட்டத்துக்கு அண்ணன் வந்துட்டாரு, அண்ணிக்குச் சந்தோஷம்தானேன்னு கேட்டாரு.”

விஞ்சுக்காரர் தண்ணீர் குடித்தார். மறுபடியும் குடித்தார்.

“இந்தக் காலண்டரை மேனேஜர்கிட்ட கொடுத்துடவா?” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

மேனேஜர் வெளியூர்க்காரர். கீழே சுரங்கம் இருந்தது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் நடப்பதுபோலவே மைதானத்தில் நடப்பவர். இந்தக் காலண்டரைப் பார்த்தால் அன்றைக்கே மைதானத்தைப் பூட்டிவிடுவார். இறுதி ஆட்டமும் போய்விடும்.

“இறங்குன தரை திரும்ப மேல வர வழி உண்டா?” என்று பரிதாபமாகக் கேட்டார்.

“வீடு வெள்ளையானா வரும்.”

வந்தது. வேலைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சுவர், வந்த பிறகு இரண்டு. கூடம் முடிந்ததும் இரண்டு வாரக் குறிப்பை அடித்தாள். தரை நான்கு அங்குலம் எழுந்தது. படுக்கையறைக்கு ஐந்து. சமையலறைச் சுவர்களுக்கு மூன்றரை. சமையலறை சீலிங்குக்கு மட்டும் ஆறரை, ஏனென்றால் அண்ணாந்து பார்த்து அடித்ததில் கண், மூக்கு, காது எல்லாம் சுண்ணாம்பு. சனிக்கிழமை மாலை தரை பழைய மட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மனைவி வீட்டைச் சுற்றிச்சுற்றி வந்தாள். சுவரில் விரலை வைத்து, வெள்ளையாக வந்த விரலைப் பார்த்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. காலண்டரை அவர் கையிலேயே கொடுத்துக் கிழிக்கச் சொன்னாள். அவருக்குக் கிழிக்கக்கூடக் கை எழவில்லை, அவளே கிழித்தாள். தோளுக்கு ஒத்தடமும் கொடுத்தாள். நீங்கதான் ஜெயிக்கணும் என்று மனசாரச் சொல்லி, மறுநாள் கூடவே கிளம்பியும் வந்தாள்.

ஊரே மைதானத்தில் கூடியிருந்தது. விஞ்சுக்காரர் மட்டையை ஓங்கினார். கை இடுப்புவரை வந்தது. அதற்கு மேல் வரமாட்டேன் என்றது. வந்தவரைக்கும் போதும் என்று அடித்தார். பந்து நாலடி உருண்டு, கொஞ்சம் யோசித்து, நின்றுவிட்டது.

கேண்டீன்காரர் நிதானமாகப் பக்கத்தில் வந்தார். விஞ்சுக்காரரின் காதுக்குள் எட்டிப் பார்த்தார்.

“என்னண்ணே, காதுக்குள்ள சுண்ணாம்பு? வீட்ல வெள்ளையடிக்க விட்டுட்டாங்களா?”

நாலு பேர் சிரித்தார்கள். பிறகு நாற்பது பேர். ஆமாம்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். முப்பது வருஷத் தோல்வி அந்த ஒரு வார்த்தையை அடைத்தது. வேறு எதையோ திறந்துவிட்டது.

“என் அடியில குறையில்ல,” என்றார் விஞ்சுக்காரர். “தரைதான் சரியில்ல. உள்வாங்குது.”

சிரிப்பு சட்டென்று நின்றது. பழைய சுரங்கத்து ஆட்கள் இரண்டடி பின்வாங்கினார்கள். கேண்டீன்காரர் பெஞ்சின்மேல் ஏறிவிட்டார். மேனேஜர் ஒரு காலைத் தூக்கியவர், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொக்குபோல நின்றார்.

“எத்தனை நாளா?” என்றார் மேனேஜர், காற்றுப்போன குரலில்.

மனைவி தூரத்திலிருந்து வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினாள். ஆனால் முப்பது வருஷத்தில் கேண்டீன்காரர் முகம் வெளுத்து இவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அந்தச் சுகத்தில் ஒன்பது வாரக் கணக்கையும் ஒரு அரை அங்குலம் விடாமல் மனப்பாடமாக ஒப்பித்தார்.

பத்து நிமிஷத்தில் கொடிகளைப் பிடுங்கிவிட்டார்கள். நிபுணர்கள் வந்து தோண்டிப் பார்க்கும்வரை, பத்து வாரத்துக்கு மைதானத்தில் யாரும் கால் வைக்கக் கூடாது. கோப்பை அலமாரிக்குத் திரும்பிப் போயிற்று.

வழியெல்லாம் மனைவி அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். வீட்டு வாசலுக்கு வந்ததும் நின்றாள். வெளிச்சுவரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“பத்து ஞாயித்துக்கிழமை இருக்குல்ல,” என்றாள். “அவசரப்படாம ரெண்டு பூச்சு அடிங்க.”